சிரித்தால் முட்டி மடங்குகிறது, வகுப்பில் அடக்க முடியாத தூக்கம்: இது நார்கோலெப்சியா? எங்கே போய்ப் பார்ப்பது?

பாமணியாறு

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்காக எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஊர் மன்னார்குடி பக்கம். போன வருடம் குறுவை நடவு சமயத்தில் ஆரம்பித்த தூக்கம் இன்னும் விட்டபாடில்லை. இரவு ஒன்பதரைக்குப் படுத்து காலை ஆறு மணிக்கு எழுகிற பெண் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறாள். நோட்டை எடுத்துப் பார்த்தால் எழுத்து ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று கிறுக்கலாகிக் கீழே இறங்கும். சோற்றில் கை வைத்தபடியே கண் சொக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் தூங்கி எழுந்தால் முகம் தெளிவாகிவிடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் போனால் மறுபடி அதே கதை.

இதைவிட எங்களைப் பயமுறுத்துவது வேறு. தோழிகள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவள் வாய்விட்டுச் சிரித்தால் தலை தொங்குகிறது, முட்டி மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுந்த பிறகு கேட்டால், நாங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது, வாயைத்தான் திறக்க முடியவில்லை என்கிறாள்.

ஃபிட்ஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இ.இ.ஜி. நார்மல், தைராய்டு நார்மல். ரத்தம் குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் 12-க்கு மேல் ஏறிவிட்டது. தூக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. விடியற்காலையில் அறை ஓரத்தில் யாரோ நிற்பது போலத் தெரிகிறதாம், கை கால் அசைக்க முடியவில்லையாம். எங்கள் அம்மா அமுக்குவான் என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பள்ளியிலோ சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு வரை முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளை அது. கேட்கவே வயிறு எரிகிறது.

எந்த டாக்டரைப் பார்ப்பது? என்ன பரிசோதனை? நம் பக்கத்திலேயே முடியுமா?

முள்ளியாறு

அண்ணே, எனக்கு நார்கோலெப்சி முதல் வகை இருக்கிறது, அதாவது பகலில் அடக்க முடியாத தூக்கமும், உணர்ச்சி வந்தால் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வருகிற வகை. திருத்துறைப்பூண்டி ஆள். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது என் பள்ளிக்கூட நாட்களை யாரோ எழுதியது போல இருந்தது. நான் டாக்டர் இல்லை, ஆனால் சில விஷயங்களை அவளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

சிரிப்புக்கு மட்டும்தானா, வேறு எதற்கும் தளர்ச்சி வருகிறதா? எனக்குச் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் கை தளர்ந்து சீட்டு நழுவும். தூண்டிலில் மீன் கவ்வினால் தாடை தொங்கும். சந்தோஷம், ஆச்சரியம், திடீர்க் கோபம், இப்படி ஏதோ ஓர் உணர்ச்சி முன்னால் வரும், தளர்ச்சி பின்னால் வரும். முழுதாக விழத்தான் வேண்டும் என்பதில்லை. இமை இறங்கலாம், பேச்சு குழறலாம், கழுத்து மட்டும் தொங்கலாம். இதற்குக் கேட்டப்ளெக்சி என்று பெயர். நினைவு தப்பாது என்பதுதான் இதில் பெரிய அடையாளம். அவள் அதைத் தானாகவே சொல்லிவிட்டாள்.

அப்புறம், பகல் குட்டித் தூக்கத்தில் கனவு வருகிறதா என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் முழுக் கனவு கண்டு எழுந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் எடை கூடியதா என்பதையும் பாருங்கள். இந்த நோய் தொடங்கும்போது பல பிள்ளைகளுக்கு எடை ஏறும், சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

அவளைச் சோம்பேறி என்று சொல்வதை வீட்டில் இன்றைக்கே நிறுத்துங்கள். பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நீடா ஜங்ஷன்

எல்லாம் சரி. ஆனால் நான் பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்பா. அவன் நண்பர்கள் பாதிப் பேர் வகுப்பில் தூங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்கு டியூஷன், இரவு பன்னிரண்டு வரை போன். இந்தப் பிள்ளைகளை எல்லாம் மூளை டாக்டரிடம் கொண்டுபோனால் எப்படி? முதலில் போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு மாதம் தூங்கவிட்டுப் பார்க்கலாமே. சும்மா இருக்கிற பிள்ளைக்கு நோய்ப் பெயர் ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

அரசலாறு

நீடா ஜங்ஷன் சார் கேட்டது சரியான கேள்வி. பரிசோதனையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நான் கும்பகோணம், இப்போது சென்னையில் ஒரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கும் பிள்ளை பகலில் தூங்குவது நோய் இல்லை, கடன். அந்தக் கடனோடு லேபுக்கு வந்தால் எங்கள் பரிசோதனையே தவறான விடை சொல்லும். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்குக்கூட நார்கோலெப்சி மாதிரி ரிப்போர்ட் வந்துவிடும். அதனால் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது, தினமும் போதுமான நேரம் படுக்கவிட்டு ஒரு தூக்கக் குறிப்பு எழுதச் சொல்வோம். எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது எழுந்தாள், பகலில் எப்போதெல்லாம் தூங்கினாள், டீ காபி எத்தனை, என்ன மாத்திரை. சாதாரண நோட்டே போதும். சில இடங்களில் கையில் கட்டும் ஆக்டிகிராஃப் கருவியும் கொடுப்பார்கள். லீவு நாளில் பத்து மணி நேரம் தூங்கியும் பகலில் தாங்க முடியவில்லை என்றால் அது போன் விஷயம் அல்ல. பாமணியாறு எழுதியபடி பார்த்தால் அவள் தூங்கும் நேரம் குறைவாக இல்லை. அதோடு சிரித்தால் முட்டி மடங்குவது எந்தத் தூக்கக் குறைவாலும் வருவதில்லை.

இனி பரிசோதனை. இரண்டு பாகம், ஒன்றை விட்டு ஒன்று செய்யக்கூடாது.

முதல் பாகம் ராத்திரி. பாலிசோம்னோகிராம் என்பார்கள். தலையில் மூளை அலைக்கு, கண் ஓரத்தில், தாடையில், கால்களில் மின்முனைகள் ஒட்டுவோம். மூக்கில் காற்றோட்டக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். வலி எதுவும் இல்லை. மூச்சு நின்று நின்று வருகிறதா, கால் உதறுகிறதா, எத்தனை நிமிடத்தில் கனவுத் தூக்கமான ரெம் தூக்கத்துக்குள் போகிறாள் என்று பார்ப்போம். நம் எல்லோருக்கும் ரெம் தூக்கம் வரச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நார்கோலெப்சியில் பதினைந்து நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடலாம். அந்த ராத்திரி குறைந்தது ஆறு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் பாகம் மறுநாள் பகல் முழுவதும். எம்.எஸ்.எல்.டி. (மல்டிபிள் ஸ்லீப் லேட்டன்சி டெஸ்ட்) என்று பெயர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து தடவை, இருட்டான அமைதியான அறையில் படுக்கவைத்துத் தூங்கச் சொல்வோம். தூங்க இருபது நிமிடம் அவகாசம். தூங்கிவிட்டால் மேலும் பதினைந்து நிமிடம் விட்டு ரெம் வருகிறதா என்று பார்த்து எழுப்புவோம். நடுவில் தூங்கவிட மாட்டோம், அதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். கூட வருபவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தூங்க எடுத்த நேரத்தின் சராசரி 8 நிமிடம் அல்லது அதற்குள் இருந்து, இரண்டு தடவையாவது ரெம் உடனே வந்தால் விடை நார்கோலெப்சியின் பக்கம் சாய்கிறது. ராத்திரியே ரெம் பதினைந்து நிமிடத்துக்குள் வந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கில் எடுப்பார்கள்.

சின்ன விஷயங்கள், ஆனால் லேபில் நாங்கள் தினம் படுகிற பாடு: தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பூ போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வாருங்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது, நடுராத்திரி எழுப்பி மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். நகப்பூச்சு வேண்டாம். அன்றைக்கு டீ, காபி கிடையாது. வீட்டுத் தலையணையைக் கொண்டு வரலாம்.

எங்கே என்று கேட்டீர்கள். "ஸ்லீப் ஸ்டடி" என்று போர்டு இருக்கும் இடங்களில் பெரும்பாலும் குறட்டைக்கான ராத்திரிப் பரிசோதனை மட்டும்தான் செய்வார்கள். போன் செய்து, "மறுநாள் பகலில் எம்.எஸ்.எல்.டி. செய்வீர்களா, ரிப்போர்ட்டை யார் படிப்பார்கள்?" என்று இந்த இரண்டையும் கேளுங்கள். தஞ்சாவூர், திருச்சி நரம்பியல் மருத்துவர்களிடம் முதலில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டிலும் தூக்கக் கோளாறுகளுக்கான பிரிவு உண்டு. வேலூர் என்றால் விழுப்புரம் வழியாகக் காட்பாடி போய்விடலாம்.

பாமணியாறு

அரசலாறு, இவ்வளவு பொறுமையாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நன்றி. ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டுமா? அக்கா இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்கிறாள். இன்னொன்று, அவள் விழுவது ஃபிட்ஸ் இல்லை என்று அந்த டாக்டருக்கு எப்படிப் புரியவைப்பது? அவர் முன்னால் அவள் சிரிப்பதே இல்லை.

வெண்ணாறு

நான் நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன், தஞ்சாவூர்க்காரன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்தவரோ அடுத்துப் பார்ப்பவரோ படிப்படியாகக் குறைக்கட்டும். அந்த மாத்திரைகளில் சில தூக்கத்தைக் கூட்டும் என்பதால் பரிசோதனைத் தேதிக்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே விதிதான். அவை ரெம் தூக்கத்தை அடக்குவதால் இரண்டு வாரம் முன்பே, மருத்துவர் பார்வையில், விட வேண்டியிருக்கும். சளிக்குப் போடும் செட்ரிசின் வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

எப்படிப் புரியவைப்பது என்றால், போனில் வீடியோ எடுங்கள். அவளுக்குத் தெரிந்தே, அவள் சம்மதத்தோடு. தோழிகளோடு பேசிச் சிரிக்கும்போது முகமும் முழங்காலும் தெரிகிற மாதிரி எடுங்கள். அந்த வீடியோ எங்களுக்கு எந்த ஸ்கேனையும்விட அதிகம் சொல்லும். வலிப்பில் நினைவு தப்பலாம், நாக்கு கடிபடலாம், முடிந்த பிறகு கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். கேட்டப்ளெக்சியில் இவை எதுவும் இல்லை. தசைகள் துணியாகத் தொய்ந்திருக்கும். அந்தச் சில நொடிகளில் முழங்காலைச் சுத்தியால் தட்டினால் கால் துள்ளாது. சில பிள்ளைகளுக்கு வாய் பாதி திறந்து நாக்கு வெளியே தொங்கும், பார்ப்பவர்கள் நடிக்கிறாள் என்பார்கள்.

ஏன் இப்படி என்று சுருக்கமாக. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸில் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புசெல்கள் இருக்கின்றன. மொத்த மூளையையும் நினைத்தால் மிகக் கொஞ்சம், சுமார் எழுபதாயிரம்தான். 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. ஒன்று ஓரெக்சின் என்றது, மற்றது ஹைப்போகிரெட்டின் என்றது. அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில், தீனியைக் கண்டு சந்தோஷப்பட்டால் கால் மடங்கி விழும் டாபர்மேன், லாப்ரடார் நாய்களிடம் அந்த ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதானது தெரிந்தது. 2000-ல் மனிதர்களில் பார்த்தபோது ஏற்பி பழுதாகவில்லை, அந்தச் செல்களே 85 முதல் 95 சதவீதம் வரை அழிந்திருந்தன. நம் ஊர் பாஷையில் சொன்னால், மதகுக் கதவைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் இல்லாத வாய்க்கால் மாதிரி. தண்ணீரும் இருக்கிறது, கதவும் இருக்கிறது, எப்போது திறப்பது எப்போது மூடுவது என்பதுதான் போய்விட்டது. அதனால் பகலுக்குள் தூக்கம் நுழைகிறது, இரவுத் தூக்கமும் துண்டு துண்டாகிறது. கனவு காணும்போது உடம்பு எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போது வந்தால் கேட்டப்ளெக்சி, விழிக்கும் வாசலில் வந்தால் உங்கள் அம்மா சொல்லும் அமுக்குவான். அறை ஓரத்தில் நிற்கிற ஆள், கண் திறந்த பிறகும் தொடரும் கனவு.

அமுக்குவான் மட்டும் எப்போதாவது ஒருமுறை வருவது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. அதை வைத்து யாரும் தனக்கு நார்கோலெப்சி என்று பயப்பட வேண்டாம்.

ஏ.டி.டி.36

விவசாயி. எனக்கும் பகல் தூக்கம் இருந்தது, ஆனால் என் கதை வேறு. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வரும்போது எழுந்து வயலுக்குப் போய்ப் போய்த் தூக்கம் கெட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தே தூங்குவேன். வீட்டில்தான், தூக்கத்தில் குறட்டை நின்று மூச்சே காணோம், அப்புறம் திணறிக்கொண்டு வருகிறது என்று சொன்னார்கள். ராத்திரிப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுவது தெரிந்தது. ஸ்லீப் ஏப்னியா. மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபேப் மெஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன், பகல் தூக்கம் விட்டுப்போனது. சிரித்தால் எனக்கு எதுவும் ஆகாது. பகல் தூக்கம் என்றதும் எல்லோரும் ஒரே நோயை நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதினேன். குறட்டை விடுகிற நாற்பது, ஐம்பது வயது ஆட்கள் முதலில் இதைப் பாருங்கள்.

திருவையாறு அப்பாயி

பேரன் தட்டச்சு செய்து தருகிறான். தம்பி, பிள்ளையைக் குணசீலம் கூட்டிக்கொண்டு போய் ஒரு மண்டலம் வைத்திருந்து பாருங்கள். பிரசன்ன வெங்கடாசலபதி கைவிட மாட்டார். எங்கள் தெருவிலேயே தெளிந்து வந்தவர்கள் உண்டு. டாக்டரிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

முள்ளியாறு

அப்பாயி, வணக்கம். எங்கள் வீட்டிலும் என்னைக் குணசீலம் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை தேவையாக இருந்தது, நானும் மனசாரக் கும்பிட்டேன். ஆனால் 48 நாள் பள்ளியை விட்டுத் தங்குவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய இழப்பு. பாமணியாறு அண்ணே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள், பரிசோதனைத் தேதியைத் தள்ளாதீர்கள். கயிறு கையிலேயே இருக்கட்டும், அதனால் ஒன்றும் கெடாது. அவளுக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்ற பேச்சை மட்டும் அவள் காதில் போடாதீர்கள். அந்த உருவத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கிற பயம் போதும்.

கடைமடை

கொரோனா ஊசிக்குப் பிறகுதான் இப்படி வருகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

வெண்ணாறு

நீங்கள் பார்த்த வீடியோ வேறு ஒன்றோடு குழப்பிவிட்டது. 2009-10-ல் பன்றிக்காய்ச்சலுக்கு ஐரோப்பாவில் போட்ட பேண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்து, ஸ்வீடன் பிள்ளைகளிடம் நார்கோலெப்சி கூடியது உண்மை. சீனாவில் அதே பன்றிக்காய்ச்சல் அலைக்குப் பிறகு, ஊசி போடாதவர்களிடமும் கூடியது. உடம்பின் எதிர்ப்புசக்தி தவறிப்போய் ஓரெக்சின் செல்களையே தாக்குகிறது என்று நாங்கள் கருதுவதற்கு இவை முக்கியமான தடயங்கள். எச்.எல்.ஏ. டி.க்யூ.பி.1 06:02 என்ற மரபு அடையாளம் முதல் வகை நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. ஆனால் நோயே இல்லாத ஏராளமானவர்களிடமும் இருக்கிறது. அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் செய்துவிட்டு நோய் உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதுகுத்தண்டு நீரில் ஓரெக்சினை அளக்கும் பரிசோதனையும் உண்டு. மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் முதல் வகை உறுதி. இவளுக்குக் கேட்டப்ளெக்சி இவ்வளவு தெளிவாக இருப்பதால் பெரும்பாலும் அது தேவைப்படாது.

குடமுருட்டி

இதுவரை யாரும் பேசாததை நான் பேசுகிறேன். பாபநாசம் பக்கம், எனக்கும் நார்கோலெப்சி, கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

பெண் பிள்ளைக்குப் பரிசோதனை என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் எழுந்தது. அந்தப் பயத்தால்தான் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் சோம்பேறி, பேய் பிடித்தவள், நடிப்புக்காரி என்ற பெயர்களோடு வாழ்கிறார்கள். நோய்ப் பெயர் இந்தப் பெயர்களைவிட எந்த விதத்திலும் கேவலம் இல்லை. இது மனநோயும் இல்லை, ஒட்டுகிற நோயும் இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, இரண்டுதான் என்று எனக்கு மருத்துவர் விளக்கினார். அந்த எண்ணை நானே மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொன்னேன். ஒரு வீட்டார் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், கேள்வி கேட்டவர்களோடுதான் இன்றைக்கு இருக்கிறேன். மறைத்துச் செய்தால் முதல் வாரத்தில் மாமியார் முன்னால் அடுப்படியில் தூங்கி விழும்போது என்ன சொல்வீர்கள்?

பாதுகாப்பு விஷயங்களை அவளிடமே பேசுங்கள், அவளை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் பேசாதீர்கள். தனியாக ஆற்றிலோ வாய்க்காலிலோ குளிக்கக்கூடாது. கிணற்றடியில் கவனம். கொதிக்கிற சாம்பாரை அவள் தூக்க வேண்டாம். ஸ்கூட்டி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், மருந்து பிடித்து மருத்துவர் சரி என்ற பிறகுதான் அந்தப் பேச்சு. கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒரு நொடி கண் அசந்தால் போதும்.

மருந்து பற்றி, பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பகல் தூக்கத்தைக் குறைக்க இந்த நோய்க்குக் கொடுக்கும் மோடாஃபினில் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் தெரிந்தது.

நீடா ஜங்ஷன்

குடமுருட்டி அக்கா, இதைப் பள்ளி ஆசிரியர்கள் படிக்க வேண்டும். எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகக் குழுவில் பகிரலாமா?

குடமுருட்டி

பகிருங்கள். இந்தப் பிள்ளை எந்த ஊர் என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பகிருங்கள்.

பாமணியாறு

போய் வந்தோம். ராத்திரியும் பகலும் இரண்டு பரிசோதனையும் முடிந்தது. மூச்சுத் தடை எதுவும் இல்லை. பகலில் தூங்க எடுத்த சராசரி மூன்றரை நிமிடம். ஐந்தில் நான்கு தடவை ரெம் உடனே வந்திருக்கிறது. வீடியோவைப் பார்த்ததும் டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உன்னை எல்லோரும் திட்டினார்களா அம்மா?" என்பது. அழுதுவிட்டாள். முதல் வகை நார்கோலெப்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் மோடாஃபினில், தளர்ச்சிக்கு வெண்லாஃபாக்சின். ஃபிட்ஸ் மாத்திரையைக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. குணமாகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார். அக்காவுக்கு அந்த வார்த்தை இறங்கவில்லை. அவளோ பெயர் தெரிந்ததில் நிம்மதியாக இருக்கிறாள். பொதுத்தேர்வு வருகிறது, பள்ளியில் என்ன கேட்கலாம்?

அரசலாறு

நோயின் பெயர் தெரியவே பலருக்குப் பத்து வருடம்போல ஆகிவிடுகிறது. பதினேழு வயதில் தெரிந்தது அவளுக்குப் பெரிய உதவி. மாத்திரையோடு பகல் தூக்கத்துக்கும் நேரம் வையுங்கள். காலை இடைவேளையிலோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ பதினைந்து, இருபது நிமிடம், அலாரம் வைத்து. மதியம் சோற்றைக் குறைத்துக் காய், முட்டை, சுண்டல் என்று மாற்றினால் மதிய மந்தம் குறையும். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

முள்ளியாறு

பள்ளிக்கு: டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், பகலில் குறித்த நேரத்தில் தூங்க அனுமதி, சிரித்து விழுந்தால் தண்ணீர் தெளிக்காமல், வாயில் எதையும் திணிக்காமல், இரும்பைக் கையில் கொடுக்காமல், அடிபடாதபடி பக்கத்தில் நின்றால் போதும் என்ற மூன்று விஷயமும் அதில் இருக்கட்டும். தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

தேர்வுக்குச் சலுகை கேட்பதென்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இப்போதே எழுத வேண்டும், கடைசி நேரத்தில் நடக்காது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன. நார்கோலெப்சி என்ற பெயர் அதில் இல்லை. நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற தலைப்பு இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளரோசிஸும் பார்க்கின்சனும் உதாரணமாகத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தத் தலைப்பின் கீழ் மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், கேட்கலாம் என்று சொல்வேன். சலுகை வந்தாலும் வராவிட்டாலும் தேர்வன்று காலை, ஹாலுக்குள் போவதற்கு முன் ஒரு இருபது நிமிடம் அவள் தூங்க ஓர் அறை கேட்டு வையுங்கள்.

பாமணியாறு

கடிதம் கொடுத்தாயிற்று. தலைமை ஆசிரியை நூலக அறையைத் தந்திருக்கிறார். மாத்திரை ஆரம்பித்த பிறகு விழுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போது ஓர் அவசரக் கேள்வி. இங்கே மருந்துக்கடையில் வெண்லாஃபாக்சின் தீர்ந்துவிட்டது, நாளை மறுநாள்தான் வரும் என்கிறார்கள். வீட்டில் இன்று காலை போட்டதோடு முடிந்தது. இரண்டு நாள் விட்டால் பரவாயில்லையா?

வெண்ணாறு

விடக்கூடாது. அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கேட்டப்ளெக்சி பழையதைவிட அதிகமாகத் திரும்பும், சிலருக்கு மணிக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போதே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். சீட்டைப் போட்டோ எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு. அதே மில்லிகிராம், அதே மெதுவாகக் கரையும் வகைதான் வேண்டும், கடைக்காரர் வேறு எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைக் கடைகளில் விசாரிக்கிறேன்.

ஏ.டி.டி.36

நான் சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாகத்தான் திரும்புகிறேன். இருக்கிற கடையைச் சொல்லுங்கள், சீட்டு நகலைக் காட்டி வாங்கி வருகிறேன். பாமணியாறு தம்பி, பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்கு நில்லுங்கள்.